ஸ்கேன் மெஷினுக்குள் ஒரு ராட்சத ஸ்பீக்கர்! எம்.ஆர்.ஐ. சத்தத்திலிருந்து காதைக் காப்பது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்பீக்கரை இணைத்தவுடன் செய்கிற முதல் வேலை என்ன? வால்யூமை முழுவதும் ஏற்றி ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்த பிறகுதான் குறைப்போம்!

அந்த ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கம் வட்டமாக ஒரு காந்தம். அதன் நடுவே மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சவுண்ட் கார்டிலிருந்து வரும் மின்சாரம் சுருளில் பாயும்போது, காந்தப்புலம் அந்தச் சுருளைத் தள்ளுகிறது. மின்சாரத்தின் திசை மாறினால் இழுக்கிறது. ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை இப்படி ஆடும்போது கூம்பு காற்றை அடிக்கிறது. அதுதான் நாம் கேட்கும் பாட்டு.

இதே அமைப்பை ஓர் அறையின் அளவுக்குப் பெரிதாக்குங்கள். கைக்குள் அடங்கும் காந்தத்துக்குப் பதிலாக பல டன் எடையுள்ள காந்தம். மெல்லிய சுருளுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும் தடித்த சுருள். பிறகு அந்தச் சுருளுக்கு நடுவே ஒரு மனிதரைப் படுக்க வையுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது என்பதற்கு விடை இதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று எம்.ஆர்.ஐ. என்ற சொல்லைக் கேட்காத குடும்பம் குறைவு. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போய் வருகிறவர்களுக்கு முதுகு வலி வருகிறது. திராட்சைப் பந்தலுக்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து வேலை செய்பவர்களுக்குக் கழுத்து வலி வருகிறது. டாக்டர் சீட்டில் எழுதித் தருகிறார். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க்காரர்கள் பஸ் ஏறி தேனிக்கோ மதுரைக்கோ போகிறார்கள். க.விலக்கில் 2004-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, பெரிய வைத்தியம் என்றாலே மதுரைதான் என்ற நிலை ஓரளவு மாறியிருக்கிறது. ஆனால் எந்த ஊரில் எடுத்தாலும் மெஷின் போடும் சத்தம் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடலாம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் 'ஸ்கேன்'தான். வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ரா சவுண்டில் காதுக்குக் கேட்கும் சத்தம் இல்லை. சி.டி. ஸ்கேன் ஃபேன் சுற்றுவது போல ஒரு ரீங்காரம் போடும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். காதுக்குப் பாதுகாப்பு தேவைப்படுவது எம்.ஆர்.ஐ.க்கு மட்டுமே.

எவ்வளவு பெரிய காந்தம்?

மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பவை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா மெஷின்கள். டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அளவு. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லா என்பது 30 ஆயிரம் மடங்குக்கும் மேல். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு உதாரணமும் சொல்லலாம். பொட்டிபுரம் மலைக்குள் அமைப்பதாக இருந்து, 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தும் கட்டப்படாமல் நிற்கிறதே நியூட்ரினோ ஆய்வகம், அங்கே வைக்கத் திட்டமிட்ட 50 ஆயிரம் டன் இரும்புக்கும் ஏறத்தாழ இதே 1.5 டெஸ்லா அளவில்தான் காந்தப்புலம் கணக்கிடப்பட்டிருந்தது.

இந்தப் பெரிய காந்தம் எப்போதும் ஆன் நிலையில்தான் இருக்கும். ஸ்கேன் அறைக்குள் நுழைந்ததும் 'சிக்... சிக்...' என்று ஒரே சீராகக் கேட்பது காந்தத்தைச் சுற்றியுள்ள ஹீலியத்தைக் குளிர்விக்கும் பம்ப். அது காதைக் கெடுக்காது.

சத்தம் போடுவது கிரேடியன்ட் காயில் எனப்படும் மூன்று ஜோடிச் சுருள்கள். உடலின் எந்த இடத்திலிருந்து சிக்னல் வருகிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பதற்காக, இந்தச் சுருள்கள் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றுகின்றன. மானிட்டரில் ஒரு புள்ளிக்கு எக்ஸ், ஒய் என்று முகவரி இருப்பது போல, உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் இவை முகவரி தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக மின்சாரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுருள் உதறுகிறது. உதறலின் வேகத்தைப் பொறுத்து ஒரு முறை 'டக் டக் டக்' என்று சுத்தியல் அடிப்பது போலவும், அடுத்த முறை 'ர்ர்ர்ர்' என்று டிரில்லிங் மெஷின் போலவும், இன்னொரு முறை 'பீம் பீம்' என்று ஹாரன் போலவும் கேட்கும். மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு விதமான படத்துக்கானது.

எக்ஸெல்லில் ஒரு கணக்கு

சத்தத்தை டெசிபல் கணக்கில் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது பக்கத்தில் நின்றால் சுமார் 85. எம்.ஆர்.ஐ.யில் பல ஸ்கேன் முறைகள் 90 முதல் 110 டெசிபல் வரை போகும். 3 டெஸ்லா மெஷின்களில் சில 120-ஐ நெருங்கும். (2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது. வெளியே ஹாரன் அடிக்கத் தடை, உள்ளே 110!)

60, 85, 110 என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. டெசிபலில் 3 கூடினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகிவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், ஒருவர் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்கிறது. எக்ஸெல் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் செய்யலாம்.

ஏ2 செல்லில் 85 என்றும் பி2 செல்லில் 480 என்றும் டைப் செய்யுங்கள். 480 என்பது 8 மணி நேரத்தின் நிமிடங்கள். ஏ3 செல்லில் சமக்குறி போட்டு ஏ2+3 என்றும், பி3 செல்லில் சமக்குறி போட்டு பி2/2 என்றும் கொடுங்கள். (செல் எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.) இப்போது ஏ3, பி3 இரண்டையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து 10-வது வரிசை வரை இழுங்கள். 100 டெசிபலுக்கு எதிரே 15 நிமிடம் என்று வந்திருக்கும். கடைசி வரிசையில் 109 டெசிபலுக்கு எதிரே 1.875. இரண்டு நிமிடம் கூட இல்லை!

முதுகுத் தண்டு ஸ்கேன் 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை ஆகும். இடையிடையே சத்தம் நிற்கும் என்றாலும் இரண்டு நிமிடக் கணக்குக்குள் வராது. இனி இயர் பிளக் போட்டுப் பார்ப்போம். சரியாகப் பொருத்திய ஃபோம் இயர் பிளக் 25 டெசிபல் குறைக்கிறது என்றால் காதுக்குள் போவது 84. அட்டவணையின் முதல் வரிசைக்கும் மேலே! பேருக்குச் செருகி, 10 டெசிபல் மட்டும் குறைந்தால் காதுக்குள் 99. அப்போது கிடைப்பது 97-க்கும் 100-க்கும் இடைப்பட்ட நேரம், அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. ஒரே இயர் பிளக்தான். செருகிய விதம் மட்டும்தான் வேறு.

இந்த அட்டவணை தினமும் சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்காகப் போடப்பட்டது. ஒரு முறை ஸ்கேன் எடுத்தவர் எல்லாம் செவிடாகிவிடுவார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் பாதிப்பு வெறும் கற்பனையல்ல. 1988-ல் 'ரேடியாலஜி' என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தற்காலிகமாகக் கேட்கும் திறன் குறைந்தது தெரியவந்தது. அப்போதைய மெஷின்கள் இன்றைய மெஷின்களைவிடச் சக்தி குறைந்தவை. அதே இதழில் 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், 3 டெஸ்லா மெஷினில் காதுப் பாதுகாப்போடு ஸ்கேன் எடுத்த ஆரோக்கியமானவர்களுக்கும் சிறிதளவு தற்காலிகக் குறைவு காணப்பட்டது. 25 நாட்கள் கழித்துச் சோதித்தபோது சரியாகியிருந்தது. எம்.ஆர்.ஐ. மெஷின்களுக்கான சர்வதேசத் தரநிலை, 99 டெசிபலைத் தாண்டும் சத்தம் என்றால் நோயாளிக்குக் காதுப் பாதுகாப்பு கட்டாயம் தர வேண்டும் என்கிறது. இது சென்டர்காரர் செய்யும் உபகாரம் அல்ல. நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

பஞ்சு போதுமா?

என் அத்தை சக்கம்பட்டியில் இருக்கிறார். விசைத்தறிச் சத்தத்திலேயே 30 வருடம் இருந்தவர். காது ஏற்கெனவே மந்தம். எதிரே நின்று பேசினால்தான் புரியும். அவருக்கு இடுப்பு ஸ்கேன் எடுக்க ஒரு தனியார் சென்டருக்கு நான்தான் அழைத்துப் போனேன். வளையல், தோடு எல்லாம் கழற்றி வாங்கினார்கள். நகைக்குக் காட்டிய அக்கறை காதுக்கு இல்லை. இரண்டு உருண்டை பஞ்சைக் கையில் கொடுத்தார் அங்கிருந்த டெக்னீஷியன்.

"அண்ணே, ஃபோம் இயர் பிளக் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. பெரியவங்களுக்கு அதை வெச்சா நாம சொல்றது கேக்கலைங்கறாங்க. அதான் பஞ்சு."

அத்தை என் கையைத் தட்டினார். "விடுய்யா. தறிச் சத்தம் கேட்ட காது. இதுக்கா பயந்துடும்?"

இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றுகிறது அல்லவா? உண்மை நேர் எதிர். சாதாரணப் பஞ்சு குறைக்கும் சத்தம் மிகக் குறைவு. 110 டெசிபலுக்கு அது ஒரு தடுப்பே அல்ல. தறியில் போன காது திரும்பி வராது. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஆகவே மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அத்தைக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம். பேச்சு கேட்காது என்பதற்கும் வழி இருக்கிறது. கையில் ஒரு ரப்பர் பந்தைத் தருவார்கள். அதை அழுத்தினால் கன்ட்ரோல் அறையில் மணி அடிக்கும். உள்ளே போவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும்போது பேச வேண்டிய தேவையே இல்லை. அண்ணன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். கேட்டால் கிடைக்கிறது, கேட்காவிட்டால் பஞ்சு. இதில்தான் எனக்கு வருத்தம்.

செருகும் முறை

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஃபோம் இயர் பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல், ஊதுபத்தி போல மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, வலது காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். காதுத் துளை நேராகும். வலது கையால் உடனே உள்ளே விட்டு, 20, 30 வினாடிகள் விரலால் அழுத்திப் பிடித்திருங்கள். அது உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். பலரும் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். விரலை எடுத்ததும் பாதி வெளியே வந்துவிட்டால், எடுத்துவிட்டு மறுபடி உருட்டிச் செருகுங்கள்.

சரியாக அமர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்க வேண்டும். அடுத்து இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் வெளிச் சத்தம் மேலும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக அமரவில்லை என்று அர்த்தம்.

கவரில் என்.ஆர்.ஆர். 29, 32, 33 என்று எண் போட்டிருக்கும். அது லேபரட்டரியில் அளந்தது. கம்ப்யூட்டர் விளம்பரத்தில் சொல்லும் வேகம் வீட்டில் கிடைக்காதது போலத்தான் இதுவும்! எண் அதிகமான பிளக்கைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பதைச் சரியாகச் செருகப் பழகுவது மேல். பிளக்குக்கு மேல் இயர் மஃபும் வைத்தால் பாதுகாப்பு கூடும். ஆனால் இரண்டு எண்களும் அப்படியே கூடிவிடாது. கிடைப்பது இன்னும் 5 முதல் 10 டெசிபல்தான். ஏனென்றால் சத்தம் மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது. தலை ஸ்கேன் என்றால் முகத்தைச் சுற்றி ஹெல்மெட் போன்ற ஒரு கூண்டை மாட்டுவார்கள். அதற்குள் பல நேரம் இயர் மஃப் நுழையாது. அங்கே இயர் பிளக்தான் முழுப் பொறுப்பு.

மூட்டு ஸ்கேனுக்குக் கால் மட்டும் உள்ளே போகும், தலை வெளியே இருக்கும். அப்போதும் இயர் பிளக் வேண்டும். துணைக்கு உள்ளே நிற்பவருக்கும் வேண்டும். மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் குழந்தைகளுக்கு மிக மிக முக்கியம். அவர்களால் 'சத்தமாக இருக்கிறது' என்று சொல்ல முடியாது. பந்தை அழுத்தவும் முடியாது. குழந்தையின் காதுக்குச் சிறிய அளவு பிளக் அல்லது மஃப் வைத்தார்களா என்று பெற்றோர் நேரில் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் பிளக் செருகாமல், முன்பே சொல்லி மஃப் கேளுங்கள். காது கேட்கும் கருவியை வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் என்றால் டாக்டர் சீட்டு எழுதும்போதே சொல்லியாக வேண்டும். அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு காந்தம் இருக்கிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழகத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கருவி பொருத்தப்பட்டிருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சொந்தமாக வாங்கிப் போனால் டெக்னீஷியனிடம் காட்டிவிடுங்கள். உணவுத் தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் சில நீல நிற பிளக்குகளுக்குள் மெட்டல் டிடெக்டரில் தெரிவதற்காக உலோகம் வைத்திருப்பார்கள். அவை எம்.ஆர்.ஐ. அறைக்கு ஆகாது.

நம் ஹெட்போன் ஏன் கூடாது?

சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வீட்டில் இருக்கிறதே, அதை மாட்டிக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூடவே கூடாது. அதற்குள் காந்தமும் பேட்டரியும் இருக்கின்றன. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோன ஆக்சிஜன் சிலிண்டரை மெஷின் இழுத்துக்கொண்டதில் ஒருவர் உயிரிழந்தார். செல்போனைக்கூட வெளியே வைக்கச் சொல்வது இதனால்தான். சில சென்டர்களில் பாட்டு கேட்கத் தரும் ஹெட்போனில் கம்பி கிடையாது. ஸ்டெதாஸ்கோப் போல ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சத்தம் வரும். ரயில் நிலைய அறிவிப்பு போலக் கரகரவென்றுதான் கேட்கும். பாட்டு வருகிறதே என்று இயர் பிளக்கை எடுத்துவிடாதீர்கள்.

மெஷினையே அமைதியாக்க முடியாதா? முயன்றவர்களில் முக்கியமானவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. எம்.ஆர்.ஐ.க்காக 2003-ல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு பெற்றவர். படுவேகமாகப் படம் எடுக்கும் எக்கோ பிளேனர் முறையை 1977-ல் கொண்டுவந்தவர். இன்றும் மிக அதிகச் சத்தம் போடும் முறைகளில் அதுவும் ஒன்று! 1990-களில் அவரே தன் குழுவினருடன், சுருளில் எழும் விசைகளை எதிர் விசையால் சமன் செய்து சத்தத்தைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். தோஷிபா நிறுவனம் சுருளை வெற்றிடத்துக்குள் வைத்தது. காற்று இல்லாவிட்டால் சத்தம் பரவாதே! ஜி.இ., சீமென்ஸ், பிலிப்ஸ் நிறுவனங்கள் சாப்ட்வேர் வழியைப் பிடித்தன. மின்சாரம் சட்டென்று ஏறி இறங்காமல், அலையின் கூர்மையான முனைகளை வளைவாக மழித்துவிடுவது ஒரு வழி. குறைந்த அளவு டேட்டாவை எடுத்து, மீதியைக் கணக்கிட்டுப் படத்தை முழுமையாக்கி, ஸ்கேன் நேரத்தையே சுருக்குவது இன்னொரு வழி. இப்போது இதற்கு ஏ.ஐ. பயன்படுகிறது. சாப்ட்வேர்காரனாக எனக்கு இதில் பெருமைதான். ஆனால் எல்லா மெஷினிலும், எல்லா விதமான படத்துக்கும் இந்த வசதி இருப்பதில்லை. அதனால் சில ரூபாய் விலையுள்ள ஃபோம் துண்டுக்கு வேலை இன்னும் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒத்திகை

ஸ்கேனில் பாதியில் எழுந்து வருபவர்கள் பலரும் சத்தத்தில் திடுக்கிட்டவர்களே. இதற்கு வீட்டுக் கம்ப்யூட்டர் உதவும். யூடியூப்பில் 'எம்.ஆர்.ஐ. சவுண்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால் நிறைய பதிவுகள் கிடைக்கும். முதல் நாள் மாலையே வீட்டுப் பெரியவரையோ குழந்தையையோ உட்கார வைத்து, வால்யூமைக் குறைவாக வைத்துப் போட்டுக் காட்டுங்கள். இயர் பிளக் இருந்தால் அதையும் செருகிப் பழக்கலாம். ஹெட்போனில் மட்டும் போட வேண்டாம். அத்தைக்கு நான் இப்படிப் போட்டுக் காட்டியபோது, "நம்ம தறியில ஷட்டில் சிக்கிக்கிட்ட மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார்.

ஸ்கேன் முடிந்து சிறிது நேரம் காது அடைத்தது போலவோ, 'ஙொய்' என்ற இரைச்சலோ இருக்கலாம். பிளக்கை வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். அன்று முழுவதும் பாட்டுக் கச்சேரி, வெடிச் சத்தம், ஹெட்போன் எதுவும் வேண்டாம். காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லை என்றாலோ, ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்தாலோ, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தாமதிக்காமல் போய், ஸ்கேன் எடுத்த தேதியையும் நேரத்தையும் சொல்லி, ஆடியோகிராம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டை ஸ்கேன் படங்கள் உள்ள அதே ஃபோல்டரில் போட்டு வைத்தால், அடுத்த முறை எம்.ஆர்.ஐ. எழுதித் தரும் டாக்டருக்கு உடனே எடுத்துக் காட்டலாம்.